தங்கவயலும் வடிசாலையும்

கோலார் தங்கவயலை விட்டுப் பிழைப்பின் நிமித்தம் வெளியூர்களில் குடியேறிய நம் அன்பர்கள், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நம்மைக் கேட்கும் முதற் கேள்வி, "சுரங்கத்தை மறுபடியும் திறக்கப்போகிறார்களாமே, மெய்தானா?" என்பது. இரண்டாவது கேள்வி, "பையன்களெல்லாம் என்ன வேலை செய்கிறார்கள்?" என்பது. முதற் கேள்விக்கு விடை கூறும் ஆற்றல் நமக்கு இல்லை. இரண்டாவதற்கு விடை வேண்டுவோர், விடியுமுன் மாரிக்குப்பம் ரயில் நிலையத்துக்கு வந்து நின்றாற் போதும். கையில் சோற்றுப் பாத்திரமும் கண்ணில் தூக்கமுமாய்ப் பெங்களூர் வண்டிக்கு ஓடிவரும் கூட்டமே விடை. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், நிலத்துக்குக் கீழே இறங்கிப் பிழைத்த ஊர், நிலத்தின்மேல் பல காத தூரம் போய்வந்து பிழைக்கும் ஊராயிற்று.

அந்தக் கூட்டத்திலே இன்னும் ஓர் இளைஞனைச் சேர்க்கலாமா, கூடாதா என்ற வழக்கு அண்மையில் நம் குடும்பத்திலேயே எழுந்தது. நம் தமக்கையாரின் மகன் உயிர்வேதியியலில் பட்டம் பெற்றவன். பெங்களூரை அடுத்துள்ள ஒரு விஸ்கி வடிசாலையில், பரிசோதனைக் கூடத்து உதவியாளனாக அவனுக்கு வேலை கிடைத்தது. ஊதியம் குறைவன்று. படிப்படியாக உயர்ந்தால், பிற்காலத்தில் தலைமை வடிப்பாளர் ஆகலாம் என்பது அவனுடைய கனவு. ஆங்கிலத்தில் அப்பதவியை மாஸ்டர் டிஸ்டில்லர் என்பர். ஆனால் தமக்கையார் ஒப்பவில்லை.

"தம்பி, குடியாலே தாலி இழந்தவள் நான். இவன் அப்பா கொத்து வேலையில் சம்பாதித்ததையெல்லாம் கடையிலே கொடுத்துவிட்டு, ஈரல் வெந்து போய்ச் சேர்ந்தார். அந்தக் கடைக்குச் சரக்கு அனுப்புகிற இடத்துக்கா என் பிள்ளையை அனுப்பச் சொல்கிறாய்?" என்று அவர் கேட்டார். பிறகு சற்றுத் தணிந்த குரலில், "குடிக்காமலே அந்த வேலையைச் செய்ய முடியுமா? அதை மட்டும் விசாரித்துச் சொல்" என்றார்.

இக்கேள்வியை மனத்திற்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகனையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். மாரிக்குப்பத்தில் தொடங்கி, நடந்தும் ரயிலிலுமாகப் பங்காருப்பேட்டை வரையில் செல்வது என்பது ஏற்பாடு. 1894-ஆம் ஆண்டு தங்கவயலுக்கென்றே போடப்பட்ட இந்தக் கிளைப் பாதையின் நீளம் சுமார் 16 கிலோமீட்டர். மாரிக்குப்பம், சாம்பியன், ஊரிகாம், கோரமண்டல், பெமல் நகர், பங்காருப்பேட்டை என்று நிலையங்கள் நெருங்கி நெருங்கி வரும். பேசுவதற்கு இதைவிட வசதியான பாதை வேறு இல்லை.

மாரிக்குப்பத்தில் நாம் முதலில் நினைவு கூர்ந்தது பௌத்த சங்கத்தை. பண்டித அயோத்திதாசர் தோற்றுவித்த சாக்கிய பௌத்த சங்கத்துக்குச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே கிளை இருந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்து லயன் வீடுகளில் ஒண்டிக் கிடந்த தொழிலாளர் பலர், பஞ்சசீலம் ஏற்று மானத்தோடு வாழ முனைந்தனர். பஞ்சசீலத்தின் ஐந்தாவது உறுதி, மயக்கந்தரும் மதுவைத் தொடேன் என்பது. தமக்கையாரின் மறுப்பு அவருடைய சொந்தத் துயரத்தில் மட்டும் பிறந்ததன்று. இந்த மண்ணிலே அதற்கு நூறாண்டு வேர் உண்டு. இதை மருமகனுக்கு முதலிலேயே சொல்லிவைத்தோம். அவன் மறுக்கவில்லை.

"ஆனால் மாமா, வடிப்பது என்றாலே சாராயம் வடிப்பது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அம்மா எனக்குச் சின்ன வயதிலே வயிற்றுவலிக்குக் கொடுத்த ஓமத் தீநீரும் வடித்ததுதானே?" என்றான்.

அவன் கூறியது உண்மை. ஓமத் தீநீரும் பன்னீரும் வடித்தெடுப்பவையே. சித்த மருத்துவர்கள் தீநீர் வடிக்கும் கலத்துக்கு வாலை என்று பெயர். கலத்தை அடுப்பிலேற்றிக் கொதிக்க வைத்தால் எது எளிதில் ஆவியாகுமோ அது முன்னே எழும். அந்த ஆவியைக் குழாய் வழியே கொண்டுபோய்க் குளிரவைத்தால் மறுபடியும் நீர்மமாகிச் சொட்டும். தண்ணீர் கொதிப்பது 100 பாகை வெப்பத்தில்; சாராயச் சத்து கொதிப்பதோ ஏறத்தாழ 78 பாகையில். இந்த இடைவெளியை வைத்துத்தான் உலகத்து வடிசாலைகள் அனைத்தும் நடைபெறுகின்றன.

இதே தொழில் தங்கவயலிலும் நடந்தது என்று சொன்னால் இளைஞர்கள் வியப்பர். நம் கொள்ளுப்பாட்டனார் சுரங்கத்தில் இறங்கியவர் அல்லர். மேலே மில்லில் வேலை பார்த்தவர் என்பது வீட்டில் வழங்கும் செய்தி. தொடக்க காலத்து மில்லில், தங்கக் கல்லை இரும்பு உலக்கைகளால் இடித்து மாவாக்கி, நீரோடு கலந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடவிடுவர். பொன் துகள் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த இரசக் கலவையைச் சுரண்டி எடுத்துப் பிழிந்து, ரிட்டார்ட் என்னும் மூடிய இரும்புக் கலத்தில் இட்டுக் காய்ச்சுவர். 357 பாகையில் பாதரசம் ஆவியாகிக் குழாய் வழியே போய்த் தண்ணீரில் சொட்டும். கலத்தின் அடியில் பஞ்சு போன்ற பொன் தங்கும். போன பாதரசத்தை மீண்டும் தகட்டில் பூசுவர். விஸ்கிக்காரர் மேலே எழுவதை வைத்துக்கொள்கிறார். நம் முன்னோர் அடியில் தங்குவதை வைத்துக்கொண்டனர். மற்றபடி இரண்டும் வாலைதான். இரண்டிலும் செம்புக்கு இடம் உண்டு என்பதையும் மருமகன் எடுத்துச் சொன்னான். விஸ்கி வாலையைச் செம்பினால் செய்வதற்குக் காரணம், கந்தகம் கலந்த நாற்றப் பொருள்களைச் செம்பு பற்றிக்கொள்வதாம்.

பேசிக்கொண்டே சாம்பியன் பக்கம் வந்துவிட்டோம். சுரங்க வாயில்களுக்கு மேலே நின்ற இரும்புக் கோபுரங்களில் சில இன்னும் நிற்கின்றன. சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது; உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாய் இருந்தது. அடியிலே பாறையின் வெப்பம் 60 பாகையைத் தாண்டும். நூற்றிருபது ஆண்டுகளில் இந்த வயல் தந்த பொன் ஏறத்தாழ 800 டன். கீழே போனவுடன் முதலில் செய்யும் வேலை, தலைக்குமேல் உள்ள பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பது. கணீரென்று ஒலித்தால் உறுதி. பொத்தென்று ஒலித்தால் பாறை விட்டிருக்கிறது, நகர்ந்துவிட வேண்டும். அந்த ஓசையைப் பிரித்தறியும் காது ஒரு நாளில் வருவதன்று. பழைய தொழிலாளர்களிடம் அந்தக் காது இருந்தது. அதற்குப் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை.

"தலைமை வடிப்பாளர் என்கிறவர் அப்படி என்னதான் செய்கிறார்?" என்று மருமகனைக் கேட்டோம். சாம்பியனிலிருந்து வண்டி ஏறிய பின் அவன் விளக்கலானான். நமக்குப் புரிந்த அளவில் அன்பர்களுக்கும் சொல்கிறோம்.

தானியத்தைப் பொறுக்குவதில் தொடங்குகிறது வேலை. முளைகட்டி உலர்த்திய பார்லியை அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பான சாற்றை இறக்குவர். அதில் ஈஸ்ட் சேர்த்தால் இரண்டு மூன்று நாளில் புளித்து நுரைக்கும். அப்போது நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு சாராயச் சத்து இருக்கும். அதைச் செப்பு வாலையில் இரண்டு முறை வடிப்பர். இரண்டாம் வடிப்பிலேதான் ஆசானின் திறமை தெரியும். முதலில் சொட்டுவது தலை. மூக்கைத் துளைக்கும் காரமுடையது. நடுவில் வருவது இதயம். கடைசியில் வருவது வால். ஈரச் சாக்கின் வாடை அடிக்கும். தலையையும் வாலையும் ஒதுக்கி அடுத்த வடிப்பில் மறுபடி இடுவர். இதயத்தை மட்டுமே பீப்பாயில் அடைப்பர். எந்தக் கணத்தில் தலை முடிந்து இதயம் தொடங்குகிறது, எந்தக் கணத்தில் வால் எட்டிப் பார்க்கிறது என்பதைத் தீர்மானிப்பவரே தலைமை வடிப்பாளர். கருவிகள் துணை செய்யும். ஆயினும் கடைசி வார்த்தை மூக்கினுடையது.

ஊரிகாம் நிலையத்தில் இறங்கி, மர நிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். தூரத்தில் சயனைட் மேடுகள் சாம்பல் நிறக் குன்றுகளாய்த் தெரிந்தன. பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய மண் அது. காற்று அடித்தால் இன்றும் தூசி பறக்கிறது. ஒரு தொழில் பொன்னைக் கொண்டுபோய்விட்டால், ஒதுக்கியது எங்கே கிடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

உண்ணும்போது, இத்தொழிலில் பெயர் பெற்ற இருவரைப் பற்றி நாம் இதழ்களில் படித்திருந்ததை மருமகனுக்குச் சொன்னோம்.

அமெரிக்காவில் கென்டக்கி என்றொரு மாநிலம் உண்டு. பூர்பன் என்னும் விஸ்கிக்கு அதுவே தாய்வீடு. தானியத்தில் நூற்றுக்கு 51 பங்காவது மக்காச்சோளமாக இருக்கவேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் மரக் கலத்திலேயே அடைக்க வேண்டும். நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்கலாகாது என்பன அதற்குச் சட்டங்கள். 1964-ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் அதைத் தன் நாட்டுக்கே உரிய பொருளென்று தீர்மானம் நிறைவேற்றியது. அம்மாநிலத்து லாரன்ஸ்பர்க் என்னும் ஊரில், இன்று வைல்ட் டர்க்கி என்ற பெயரால் விளங்கும் வடிசாலையில், 1954-ஆம் ஆண்டு ஜிம்மி ரசல் என்ற இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். தரை பெருக்குவது போன்ற சிறு வேலைகளில் தொடங்கினார். மூத்தோரிடம் ஒவ்வொரு துறையாகக் கற்று, 1960-களில் தலைமை வடிப்பாளர் ஆனார். அவர் மகன் எடி 1981-ஆம் ஆண்டு அதே வாயிலில் நுழைந்தார். தலைமை வடிப்பாளர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது 2015-ஆம் ஆண்டில். இடையில் முப்பத்துநான்கு ஆண்டுகள்!

"முப்பத்துநான்கு வருஷமா!" என்று மருமகன் வாய்விட்டே சொன்னான். கனவு காண்பவனுக்குக் காலக்கணக்கும் தெரிந்திருக்க வேண்டும் அன்றோ?

மற்றொருவர் கதை வேறு. பூர்பனுக்கு நெருங்கிய உறவான டென்னசி விஸ்கியில் ஜாக் டேனியல் என்ற பெயர் உலகறிந்தது. ஆனால் சிறுவனாயிருந்த ஜாக்குக்கு வடிக்கும் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் நியரஸ்ட் கிரீன் என்னும் கறுப்பின அடிமை. அடிமைத்தளை நீங்கிய பின்னர், ஜாக்கின் வடிசாலையில் முதல் தலைமை வடிப்பாளராய் இருந்தவரும் அவரே. நூற்றைம்பது ஆண்டுகள் வரையில் அவர் பெயர் ஊரார் வாயிலும் பழைய நூலொன்றின் ஏட்டிலும் கிடந்தது, உலகம் அறியவில்லை. 2016-ஆம் ஆண்டுக்குப் பிறகே அது நாளிதழ்களில் பரவியது. நிறுவனமும் அவருக்குரிய இடத்தை ஒப்புக்கொண்டது. இன்று அவர் பெயரிலேயே ஒரு விஸ்கி இருக்கிறது. அதன் கலவையைத் தீர்மானிக்கும் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் அவருடைய வழித்தோன்றலான விக்டோரியா ஈடி பட்லர் என்னும் பெண்மணி.

இதைச் சொல்லும்போது நம் பார்வை சயனைட் மேட்டின்மேல் சென்றது. தங்கவயலின் வரலாறு எழுதுவோர் 1880-இல் வந்த ஜான் டெய்லர் கம்பெனியை எழுதுகின்றனர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரத்தை எழுதுகின்றனர். பாறையின் ஓசை கேட்டுப் பத்து உயிரைக் காத்தவர் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? ரிட்டார்ட் கலத்தின் அடியில் தீ எவ்வளவு எரியவேண்டும் என்று கண்ட கை யாருடைய கை? நமக்கு அவர்கள் தாத்தா, பாட்டனார், அவ்வளவே.

கோரமண்டலைக் கடந்து பங்காருப்பேட்டைக்கு வந்து சேர்ந்தோம். இங்கிருந்து பெங்களூர் 70 கிலோமீட்டர். அந்நகருக்கு மேற்கே, மைசூர்ச் சாலையில் கும்பளகோடு என்ற இடத்தில் அம்ருத் வடிசாலை உள்ளது. நம் நாட்டில் இத்துறை எவ்வாறு வளர்ந்தது என்பதற்கு அதன் கதையே போதும்.

1948-ஆம் ஆண்டு ராதாகிருஷ்ண ஜகதாளே என்பவர் தொடங்கிய நிறுவனம் அது. நெடுங்காலம் ரம், பிராந்தி முதலியவற்றைச் செய்துவந்தது. பார்லியை மட்டும் கொண்டு வடித்த விஸ்கியை, அத்தொழிலின் தாயகமான ஸ்காட்லாந்திலேயே விற்பது என்று துணிந்து, 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிளாஸ்கோ நகரில் வெளியிட்டது. இந்தியாவிலிருந்து விஸ்கியா என்று நகைத்தோரும் உண்டு. கலவையை வகுத்த ஆசான் சுரிந்தர் குமார். அயல்நாட்டில் கடை கடையாய் ஏறி இறங்கி அதற்கு இடம் தேடியவர்களுள் ஒருவர் அசோக் சொக்கலிங்கம். 2010-ஆம் ஆண்டுக்கான விஸ்கி பைபிள் என்னும் மதிப்பீட்டு நூலில், ஜிம் மர்ரே என்ற ஆங்கிலேயர் அம்ருத் பியூஷனுக்கு நூற்றுக்கு 97 மதிப்பெண் அளித்து, உலகில் மூன்றாவது என்று எழுதினார். அதன்பிறகே இந்தியாவிலும் அதற்கு மதிப்பு உண்டாயிற்று. பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் வடிப்புத் தொழிலுக்குத் தலைமை ஏற்றவர் அதே அசோக் சொக்கலிங்கம். அப்பெயரைப் படித்தபோது மருமகன் முகம் மலர்ந்ததை நாம் கண்டோம். நம்மவர் பெயர் ஒரு துறையின் உச்சியில் இருப்பது இளைஞர் மனத்தில் என்ன செய்யும் என்பதை வெளியூர் அன்பர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் மூவாயிரம் அடி உயரத்தில் இருந்தாலும் ஸ்காட்லாந்தைப் போல் குளிர்நாடு அன்று. அங்கே பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பங்குதான் ஆவியாகிப் போகும். இங்கே பத்துப் பன்னிரண்டு பங்கு போய்விடுகிறது. அத்தொழிலில் இதைத் தேவதைகளின் பங்கு என்பர். எட்டாண்டுகள் வைத்துப் பார்த்த ஒரு வகையில் பெரும்பகுதி ஆவியாகிவிட, 2013-ஆம் ஆண்டு எஞ்சியது 144 புட்டிகளே. அதற்குப் பேராசைத் தேவதைகள் என்று பொருள்படவே பெயரிட்டனர். ஆனால் வெப்பம் மிகுந்ததால் மரத்தின் சாரமும் விரைவில் இறங்குகிறது. நாலைந்து ஆண்டுகளிலேயே பக்குவம் வந்துவிடுகிறது. வெயிலைக் குறையென்று எண்ணாமல், அதன் போக்கைக் கற்றுத் தொழில் செய்ததே பெங்களூர் ஆசான்களின் திறமை.

இங்கே பூர்பனுக்கும் நமக்கும் உள்ள உறவு ஒன்றைச் சொல்லவேண்டும். பூர்பனுக்குப் புதிய பீப்பாய் வேண்டும் என்பது சட்டம் அல்லவா? ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் மறுபடியும் பூர்பனுக்கு உதவாது. அது கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போகிறது, இந்தியாவுக்கும் வருகிறது. கென்டக்கியில் உழைத்த மரம் கும்பளகோட்டிலும் உழைக்கிறது. ஓரிடத்து வேலை முடிந்தபின் வேற்றூருக்குப் போய் வேறொருவர்க்குப் பயன்படுவது நம்மவர்க்குப் புதிதன்று.

இத்துறையில் முறையாகப் படிக்கவும் வழி உண்டு. புணேயில் வசந்ததாதா சர்க்கரை நிலையமும் கான்பூரில் தேசிய சர்க்கரை நிலையமும் சாராயத் தொழில்நுட்பப் பயிற்சி தருகின்றன. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஹெரியட் வாட் பல்கலைக்கழகத்தில் வடிப்புத் தொழிலுக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிப்போரும் உளர். வெளியூரில் உள்ள அன்பர் பிள்ளைகள் எவரேனும் இத்துறையை நாடினால் இச்செய்தி பயன்படக்கூடும்.

எல்லாவற்றையும் கேட்டபின், "எல்லாம் சரி, உன் அம்மாவின் கேள்விக்கு என்ன விடை?" என்றோம்.

மருமகன் மறைக்காமல் சொன்னான். "வேலையில் முக்காலும் மூக்குக்குத்தான் மாமா. மாதிரியிலே தண்ணீர் கலந்து காரத்தைக் குறைத்துவிட்டு முகர்ந்து பார்ப்பார்கள். ஒரு நாளில் பல மாதிரிகள் பார்க்க வேண்டியிருக்கும். குடித்தால் வேலை நடக்குமா? நாக்கில் வைத்துத்தான் தீர வேண்டிய சமயமும் உண்டு. வைத்துத் துப்பிவிடுவார்கள். நாக்கிலே படவே படாது என்று அம்மாவிடம் பொய் சொல்ல மாட்டேன்."

அன்று மாலை வீடு திரும்பி, இதை அப்படியே தமக்கையாரிடம் கூறினோம். அவர் முகம் கறுத்தது. கென்டக்கியும் கிளாஸ்கோவும் அவர் காதில் ஏறவில்லை. "எந்த நாட்டிலே எத்தனை மார்க்கு வாங்கினால் என்ன? குடித்துச் சாகிறவன் குடித்துச் சாகிறான்" என்றார். இதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. 2019-ஆம் ஆண்டில் மட்டும் மதுவினால் உலகில் 26 இலட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. விலை உயர்ந்த புட்டியானால் ஈரலைத் தொடாமல் போய்விடும் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை.

சற்று நேரம் சென்றபின் அவரே, "அந்தக் கூடத்திலே இவனுக்கு என்ன வேலை?" என்று மகனைப் பார்க்காமல் நம்மைக் கேட்டார்.

மருமகன்தான் விடை கூறினான். "கேஸ் குரோமட்டோகிராப் என்று ஒரு கருவி இருக்கிறது அம்மா. ஒவ்வொரு வடிப்பிலும் கொஞ்சம் எடுத்து அதிலே விட்டால், என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும். மெத்தனால் என்கிற விஷம் எவ்வளவு என்று முதலில் பார்த்து எழுத வேண்டும். அளவுக்கு மேலே இருந்தால் வெளியே போகக்கூடாது. அதுதான் எனக்கு வேலை."

மெத்தனால் என்ற சொல் தமக்கையாருக்குத் தெரியும். தங்கவயலில் அதை அறியாத பெண்கள் குறைவு. 1981-ஆம் ஆண்டு ஜூலையில் பெங்களூரில் முந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது அது. கர்நாடகத்தில் 2007-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சாராயக் கடைகள் ஒழிக்கப்பட்டபின், 2008-ஆம் ஆண்டு மே மாதம் பெங்களூர், கோலார், கிருஷ்ணகிரிப் பக்கங்களில் கள்ளச் சரக்குக் குடித்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதும் அதனால்தான். 2024-ஆம் ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகளில் இழவு விழுந்ததும் அதனால்தான். வாலையில் வடித்த பிழையால் வந்த சாவுகள் அல்ல இவை. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் விஷச் சாராயத்தை, மலிவுக்காகக் கலந்து விற்றதன் விளைவு. அதைக் கண்ணால் கண்டோ நாவால் சுவைத்தோ பிரித்தறிய இயலாது. கருவி வேண்டும், கருவியின் முன்னே பொய் எழுதாத ஓர் ஆள் வேண்டும்.

"விஷம் இருக்கிறதா என்று பார்க்கிற வேலையா?" என்று தமக்கையார் மீண்டும் கேட்டார்.

"ஆமாம் அம்மா. முதலில் அதுதான்."

அவர் எழுந்து அடுக்களைக்குச் சென்றுவிட்டார். நாமும் நம் வீட்டுக்குத் திரும்பினோம். இரண்டு நாள் வரையில் ஒரு செய்தியும் இல்லை. மூன்றாம் நாள் அவர் மூன்று நிபந்தனைகளைச் சொல்லியனுப்பினார். அந்தப் புட்டி எதுவும் வீட்டு வாசற்படி ஏறலாகாது. நாக்கில் வைக்கும் வேலைக்கு உயர்த்தினால், தாயிடம் சொல்லிவிட்டே ஏற்க வேண்டும். கணக்கில் விஷம் கண்டால், மேலே உள்ளவர் எவர் சொன்னாலும் இல்லையென்று எழுதலாகாது. அப்படி எழுதச் சொன்னால் அன்றே வேலையை விட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மூன்றையும் அவன் ஒப்புக்கொண்டான்.

தமக்கையார் மனம் முழுதும் மாறிவிட்டதென்று நாம் எழுதமாட்டோம். மகன் செய்வது இன்ன தொழில் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், "பரிசோதனை வேலை" என்கிறார். எந்தப் பரிசோதனை என்று சொல்வதில்லை. மருமகனும் அவரை வற்புறுத்துவதில்லை. தலைமை வடிப்பாளர் பதவி அவனுக்குக் கிட்டுமா, அந்நாள் வரும்போது தாயின் இரண்டாம் நிபந்தனை என்னவாகும் என்பதெல்லாம் முப்பத்துநான்கு ஆண்டுக் கணக்கு. இப்போதே அதைத் தீர்த்துவைக்க நம்மால் ஆகாது.

அவன் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின நாள், மாதச் சீட்டு எடுக்க நம் ஜன்னலுக்கு வந்தான். சீட்டை எழுதி, மகன் என்ற உரிமையில் கடன் கேட்காதபடி, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டோம். மறுநாள் விடியுமுன் தமக்கையாரே நிலையத்துக்கு வந்திருந்தார். சோற்றுப் பாத்திரத்தை ஜன்னல் வழியே நீட்டி, "ராத்திரி எந்த வண்டி?" என்று மகனைக் கேட்டார். அவன் நேரத்தைச் சொன்னான். வண்டி புறப்பட்ட பின்னும் அவர் நம்மிடம் வந்து, அந்த வண்டி வழக்கமாகக் காலத்தில் வருமா என்று ஒருமுறை விசாரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.